வேகவைத்த சோளத்தின் வாசனை

நோரீன் பாய்ச்சுக்குக்கு நல்ல மூக்கு. கோபமும் அதே மூக்கின் நுனியில்தான் குடியிருந்தது. கல்லன் பே ஊரில் இந்த இரண்டையும் அறியாதவர் கிடையாது. யார் வீட்டுப் பால் திரிந்திருக்கிறது என்று வாசலில் நின்றே சொல்லிவிடுவாள். சொன்னதோடு போகாமல், திரியவிட்ட புண்ணியவதிக்கு நாலு வார்த்தை கொடுத்துவிட்டுத்தான் நகர்வாள். பாதிரியார் புதிதாக ஏதோ ஷேவிங் தைலம் பூசி வந்த ஞாயிற்றுக்கிழமை, பிரசங்கம் பாதியில் இருக்கும்போதே எழுந்து கடைசி பெஞ்சுக்குப் போய் உட்கார்ந்தவள் அவள்.

வயது ஐம்பத்தொன்பது. அதில் முப்பத்தேழு வருஷம் ஏரிக்கரையில் இருக்கும் பீர் ஆலையிலேயே போய்விட்டது. டின் அடைக்கும் வரிசையில் வேலை. அரைமணிக்கு ஒரு டின்னை எடுத்துத் தலைகீழாகக் கவிழ்த்து, விளக்கடியில் பிடித்து, அடியில் அச்சடித்திருக்கும் எண்கள் தெளிவாக விழுந்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். முதல் எண் ஆலையைச் சொல்லும், மீதி எண்கள் தேதியைச் சொல்லும். நாலில் ஆரம்பித்தால் கல்லன் பே. ஏழில் ஆரம்பித்தால் மேற்கே மானிடோபா மாகாணத்தில் இருக்கும் பெரிய ஆலை. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள்.

ஆனால் அவளுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது அந்த வேலை இல்லை. தினமும் காலை பத்து மணிக்கு ஆலையின் மாடியில் ஒரு சின்ன அறையில் பன்னிரண்டு பேர் கூடுவார்கள். எல்லாரும் ஆலை ஆட்கள்தான்: ஒருவன் மெக்கானிக், ஒருத்தி அலுவலகத்தில் தட்டச்சு, இரண்டு பேர் சரக்கு ஏற்றுபவர்கள். அறையில் சிவப்பு விளக்கு எரியும், நிறத்தைப் பார்த்து நாக்கு ஏமாறக்கூடாதே. அதற்கு முன்னால் காபி கிடையாது, சிகரெட் கிடையாது, வாசனை சோப்புகூடக் கூடாது. உப்பில்லாத பிஸ்கட் ஒரு தட்டில் இருக்கும். பீர் குளிர் விட்டுத்தான் வரும். குளிர் எல்லாத் தப்பையும் மூடி மறைத்துவிடும். முதலில் மூக்கு, பிறகு ஒரு வாய். துப்பக் கூடாது, விழுங்க வேண்டும், கசப்பு தொண்டையில்தான் உண்மையைச் சொல்லும். ஈர அட்டைப்பெட்டி வாசனை வந்தால் பீர் பழசு. பச்சை ஆப்பிள் வந்தால் அவசரப்பட்டு எடுத்துவிட்டார்கள். வேகவைத்த சோளம் வந்தால் கொப்பரையில் சரியாகக் கொதிக்கவில்லை. மற்றவர்கள் மூக்கைக் கோப்பைக்குள் விட்டுக்கொண்டு யோசிக்கும்போதே நோரீன் முடிவை எழுதிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருப்பாள்.

அந்தக் குழுவுக்கு ஒரு நீல நோட்டு இருந்தது. அதை வைத்திருந்தது அவள்தான். ருசியைப் பற்றி ஊரில் யார் குறை சொன்னாலும், குடித்துவிட்டு உளறினாலும், ஆகாதவனே சொன்னாலும், அது அந்த நோட்டில் ஏற வேண்டும். தேதி, பெயர், சொன்ன வார்த்தை. ஒரு கல்யாண விருந்தில் மாப்பிள்ளையின் தாய்மாமன் நிற்க முடியாமல் நின்றுகொண்டு, பீரில் வெண்ணெய் வாசனை அடிக்கிறது என்று புலம்பினான். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். நோரீன் காகித நாப்கினில் எழுதி எடுத்து வந்து நோட்டில் ஏற்றினாள். திங்கட்கிழமை குழாய்களைக் கழற்றிப் பார்த்தால் ஒன்றில் அழுக்கு படிந்திருந்தது. அந்தக் கதையை அவள் நூறு தடவையாவது சொல்லியிருப்பாள், ஒவ்வொரு தடவையும் சிரித்தவர்களின் பெயரைச் சொல்லித் திட்டுவாள்.

அவர்கள் காய்ச்சுவது என்னவோ ஓல்டு டிம்பர். கடையில் கீழ்த்தட்டில் இருக்கும் பீர். வேலை முடிந்து வருகிறவன், கூரை வேய்கிறவன், கல்லூரிப் பசங்கள், பென்ஷன்காரர்கள் எல்லாரும் யோசிக்காமல் எடுத்துப்போவது. டொரொன்டோவிலிருந்து வந்த மருமகன், கறுப்பு பீர் மட்டுமே குடிக்கிறவன், ஒரு தடவை டின்னை ஒரு மிடறு குடித்துவிட்டு, இதில் ருசி பார்க்க ஒரு குழு வேறயா, இது தண்ணிக்குப் பக்கத்து வீடு மாதிரி இருக்கே என்றான். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டாள்.

"உன்னோட கறுப்பு பீர்ல செத்த எலியைப் போட்டாலும் உனக்குத் தெரியாது தம்பி. காபி, சாக்லேட், புகைன்னு அத்தனையையும் கொட்டி மூடிடுவானுங்க. இதுல ஒளிஞ்சுக்க இடமே கிடையாது. மயிரிழை தப்பு நடந்தாலும் அப்படியே அம்மணமா நிக்கும். ஒண்ணுமில்லாத மாதிரி இருக்கிற ருசியைத் தினமும் ஒரே மாதிரி கொண்டுவந்து காட்டு, அப்புறம் பேசு."

மருமகன் அதற்குப் பிறகு அவள் வீட்டில் தேநீர் மட்டும்தான் குடித்தான். அவளும் தேநீர்தான். ஆலையில் ருசி பார்ப்பது வேலை, அதை வீட்டுக்குக் கொண்டுவந்தால் நாக்கு கெட்டுப்போகும் என்பது அவள் கட்சி. அதனால் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஆலை வாசலில் தொழிலாளர்களுக்குக் கொடுக்கும் இருபத்துநாலு டின் பெட்டி, அவள் கார் டிக்கியிலிருந்து நேராகப் பக்கத்து வீட்டு டெல்மருக்குப் போய்விடும். டெல்மர் அவளுடைய இறந்துபோன கணவன் வால்ட்டரின் தம்பி. தானியக் கிடங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். குளிர்காலம் முழுக்க உறைந்த ஏரிமேல் ஒரு தகரக் குடிசையைப் போட்டு, பனியில் ஓட்டை போட்டு, அதற்குள் தூண்டிலை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பான். கூட நாலைந்து பேர், நடுவில் டிம்பர்.

போன வருஷம் ஆலை கைமாறியது. புது முதலாளிகள் வார்ட்லோ என்று ஒரு மேலாளரை அனுப்பினார்கள். நாற்பது வயது, அளந்து பேசுவான், யாரையும் திட்டமாட்டான். அதுவே நோரீனுக்குப் பிடிக்கவில்லை. அக்டோபரில் ஒரு இயந்திரம் வந்தது, துணி துவைக்கிற மெஷின் அளவுக்கு ஒரு பெட்டி. அதில் பீரை ஊற்றினால் என்னென்ன இருக்கிறது என்று காகிதத்தில் துப்பும். இனிமேல் பத்து மணிக் குழு தேவையில்லை, அந்த நேரத்தில் எல்லாரும் அவரவர் வேலையைப் பார்க்கலாம் என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள்.

நோரீனுக்கு உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரைக்கும் எரிந்தது. முப்பது வருஷ நாக்குக்கு மின்சாரத்தில் ஓடுகிற ஒரு பெட்டி ஈடாகுமா? வார்ட்லோவின் அறைக்குப் போய் அரைமணி நேரம் கத்தினாள். அவன் கேட்டுக்கொண்டான், நன்றி சொன்னான். நன்றி சொன்னதுதான் அவளால் தாங்க முடியவில்லை. நீல நோட்டை வீட்டுக்கு எடுத்துப்போய் சமையலறை இழுப்பறையில் கைத்துண்டுகளுக்கு அடியில் போட்டாள். இனிமேல் எவன் என்ன குறை சொன்னாலும் அந்தப் பெட்டியிடமே போய்ச் சொல்லிக்கொள்ளட்டும், எனக்கென்ன வந்தது என்றாள்.

நாக்கை மட்டும் அவள் விடவில்லை. காலையில் வேலை தொடங்குமுன் கீழே நிலவறைக்குப் போவாள். அங்கே பீர் படுத்து முதிரும் பெரிய தொட்டிகள். அவற்றைப் பார்த்துக்கொள்பவன் ஆஸ்மோ கங்காஸ். ஃபின்லாந்துக்காரன் வம்சம், ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். அவனும் பழைய குழுவில் இருந்தவன்தான். தொட்டிக் குழாயைத் திருகி இரண்டு கோப்பையில் ஒரு வாய் ஒரு வாய் பிடிப்பான். விதிப்படி தப்பு. இருவரும் குடிப்பார்கள், தலையை ஆட்டிக்கொள்வார்கள், அவள் மேலே போய்விடுவாள்.

டிசம்பர் முதல் வாரத்தில் ஒரு சனிக்கிழமை. அரை நாள் வேலை முடிந்து வந்த நோரீன் வாசலில் பனி தள்ளிக்கொண்டிருந்தாள். டெல்மர் கையில் டின்னோடு வேலியருகே வந்து நின்றான். கொஞ்ச நேரம் வானிலையைப் பற்றிப் பேசினான். பிறகு தயங்கித் தயங்கி விஷயத்துக்கு வந்தான்.

"நோரி, இந்த பீர் ஒரு மாதிரி இருக்கு. சோளம் வேகவெச்ச தண்ணி வாசனை அடிக்குது."

அன்றைக்குக் காலையில்தான் நோரீனும் ஆஸ்மோவும் தொட்டியிலிருந்து குடித்திருந்தார்கள். பளிங்கு மாதிரி சுத்தமாக இருந்தது. அதுவும் போக, இடுப்பு வலி, பனி, அந்த மெஷின் பெட்டியின் மேல் இருந்த ஆத்திரம் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்துகொண்டது.

"ஏன்டா டெல்மர், நாப்பது வருஷமா புகையிலையை மென்னு மென்னு உன் வாயே சாக்கடையா கிடக்கு, நீ எனக்கு ருசி சொல்லித்தர வந்துட்டியா? இன்னைக்குக் காலையில நானே குடிச்சேன். ஒரு குறையும் இல்ல. ஓசியில வர்றதுக்கு இவ்வளவு நொட்டைச் சொல்லா? பிடிக்கலன்னா கொண்டா, நாய்க்கு ஊத்துறேன்."

டெல்மர் டின்னைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், சரி நோரி என்று சொல்லிவிட்டுப் போனான். அவள் பனி தள்ளுவதைத் தொடர்ந்தாள். உள்ளே போய் இழுப்பறையைத் திறக்கவில்லை.

ஏப்ரல் நடுவில் குண்டு விழுந்தது. ஓல்டு டிம்பர் இனிமேல் மானிடோபாவிலேயே காய்ச்சப்படும், கல்லன் பே ஆலை வெறும் கிடங்காக இருக்கும் என்று முதலாளிகள் அறிவித்தார்கள். அறுபத்திரண்டு பேருக்கு வேலை போகும். சங்கத் தலைவி ரோஸான் டுகே பழைய ஒப்பந்தத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். பல வருஷத்துக்கு முந்தைய பெரிய வேலைநிறுத்தத்தில் வாங்கியது அது. அதில் ஒரு பிரிவு: டிம்பரை வேறு ஆலைக்கு மாற்றுவதானால் முதலில் இந்த ஆலையின் ருசிக்குழு உட்கார வேண்டும். இரண்டு ஆலை பீரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பன்னிரண்டில் எட்டுப் பேர் எது தங்களுடையது என்று சரியாகச் சொல்லிவிட்டால், மாற்றக்கூடாது.

வார்ட்லோ மறுக்கவில்லை. அடுத்த வாரமே வைத்துக்கொள்ளலாம் என்றான். ஆலை முழுக்கக் கொண்டாட்டம். இதை ஜெயிக்க முடியாதா என்ன? இந்த ஏரித் தண்ணீரில் காய்ச்சியதை இந்த ஊர் நாக்குக்குத் தெரியாதா? நோரீன் அந்த ஒரு வாரம் வெங்காயம்கூடத் தொடவில்லை. வழியில் பார்க்கிறவர்கள் எல்லாம் அவள் தோளைத் தட்டினார்கள். எட்டுப் பேர் போதும், நாம பன்னிரண்டு பேரும் சொல்லிக் காட்டுவோம், அந்த மெஷின் பெட்டியைத் தூக்கி ஏரியில் போடலாம் என்று அவள் சொன்னாள்.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி. அதே அறை, அதே சிவப்பு விளக்கு. ரோஸானும் வார்ட்லோவும் பக்கத்து அறையில் நின்று, டின்கள் திறந்து ஊற்றப்படுவதைக் கண்ணால் பார்த்தார்கள். ஏமாற்று ஏதுமில்லை. ஒவ்வொருவர் முன்னாலும் இரண்டு கோப்பை, ஒன்றில் 318 என்றும் மற்றதில் 652 என்றும் எழுதியிருந்தது. நோரீன் 652-ஐ மூக்கருகே கொண்டுபோனாள். சோளம். குப்பென்று ஏறவில்லை, லேசாகத்தான், மூடி வைத்த சட்டியைத் திறந்ததும் வருகிற மாதிரி. 318 சுத்தம். ஆஸ்மோவைப் பார்த்தாள், அவன் ஏற்கெனவே பேனாவை மூடிவிட்டிருந்தான். மற்றவர்களும் நேரம் எடுக்கவில்லை. யார் முகத்திலும் சந்தேகம் இல்லை. மெக்கானிக் லெஸ்டர் எழுதிவிட்டு அவளைப் பார்த்துக் கண்ணடித்தான். முடிந்தது விஷயம் என்று நோரீன் ஒரு பிஸ்கட்டை எடுத்துக் கடித்தாள்.

காகிதங்களைப் பிரித்து ரோஸான்தான் படித்தாள். 318 என்று எழுதியவர்கள் இரண்டு பேர். 652 என்று எழுதியவர்கள் பத்துப் பேர். கல்லன் பே பீர் 318.

கேன்டீனில் நோரீன் ஆடித் தீர்த்தாள். மேசையில் இருந்த உப்பு டப்பா உருண்டு கீழே போனது. உங்களுக்கெல்லாம் நாக்கா இருக்கிறது, செருப்பை அறுத்து வைத்திருக்கிறீர்களா என்று கேட்டாள். அலுவலகத்துப் பெண் அழுதாள், அழுகிறவளையும் விடவில்லை. கடைசியில் லெஸ்டரைப் பிடித்தாள். பெரிய உருவம், இருபது வருஷம் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து ருசி பார்த்தவன். அவன் வெளுத்துப்போய் நின்றான்.

"நோரீன், என் பிள்ளைங்க மேல சத்தியமா சொல்றேன். 652 தான் நம்மது. எனக்குத் துளி சந்தேகம் இல்ல. தினம் வீட்ல நான் குடிக்கிறது அதுதான்."

வீட்டில் குடிக்கிறது என்ற சொல் அவளைப் பிடித்து நிறுத்தியது. தெரியாமல் குத்துமதிப்பாகச் சொல்லியிருந்தால் பாதிப் பேர் சரி, பாதிப் பேர் தப்பு என்று வந்திருக்க வேண்டும். பத்துப் பேர் ஒரே பக்கம் போயிருக்கிறார்கள். அப்படியென்றால் இவர்கள் நாக்கில் ஒரு கோளாறும் இல்லை. வித்தியாசம் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. வீட்டில் குடிக்கிறது எதுவோ அதைக் கையைக் காட்டியிருக்கிறார்கள்.

கோட்டுகூட மாட்டாமல் காரை எடுத்தாள். நேராக டெல்மர் வீட்டுக் கராஜ். அவன் காலி டின்களை மூட்டை மூட்டையாகக் கட்டிப் போட்டிருந்தான், பனி உருகி அவன் வண்டி கிளம்பியதும் கடையில் திருப்பிக் கொடுத்துக் காசு வாங்க. நோரீன் முதல் மூட்டையை அவிழ்த்து ஒரு டின்னைக் கவிழ்த்தாள். ஏழு. இன்னொன்று. ஏழு. தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கவிழ்த்தாள். ஏழு, ஏழு, ஏழு. சுவரோரம் அடியில் கிடந்த மூட்டையில், நவம்பருக்கு முந்தைய டின்களில்தான் நாலு வந்தது. ஆறு மாதமாகத் தொழிலாளர் பெட்டி மானிடோபாவிலிருந்து வந்திருக்கிறது. முப்பத்தேழு வருஷம் டின்னின் அடியைப் பார்த்தே பிழைத்த ஜென்மம், ஆறு மாதம் வெள்ளிக்கிழமை தவறாமல் அந்தப் பெட்டியைத் தன் கையால் தூக்கி டிக்கியில் வைத்தவள், ஒரு டின்னைக்கூடக் கவிழ்த்துப் பார்க்கவில்லை. அவள் மட்டுமா? அந்த ஆலையில் எவரும் பார்க்கவில்லை. தினமும் எட்டு மணி நேரம் பார்க்கிற எண்ணை வீட்டுக்குப் போய் எவன் பார்ப்பான்?

டெல்மர் கதவருகே நின்று என்ன நோரி, என்ன ஆச்சு என்று கேட்டுக்கொண்டே இருந்தான். அவள் காதில் விழவில்லை. இரண்டு மூட்டையைக் காரில் எறிந்தாள். தன் வீட்டுக்குள் போய் இழுப்பறையைத் திறந்து நீல நோட்டை எடுத்துக்கொண்டாள். இந்தக் குழு முப்பது வருஷம் எப்படி வேலை பார்த்தது என்று வார்ட்லோவின் மூஞ்சிக்கு நேராகக் காட்ட வேண்டும் என்று அவளுக்கு இருந்தது.

மறுநாள் காலை ரோஸான் கூட்டத்தைக் கூட்டினாள். வார்ட்லோ மேசையின் ஒரு பக்கம், ரோஸான், நோரீன், ஆஸ்மோ, லெஸ்டர் மறுபக்கம். நோரீன் பேச்சுக்கே காத்திருக்கவில்லை. மூட்டையை அவிழ்த்துக் கொட்டினாள். டின்கள் அந்த வழுவழு மேசைமேல் உருண்டு வார்ட்லோவின் மடியில் விழுந்தன. நாக்கைப் பழக்கிவிட்டு அப்புறம் பரீட்சை வைக்கிற அயோக்கியத்தனத்தை எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தாய் என்று கேட்டாள். இந்தச் சோதனை செல்லாது, ஒரு மாதம் எங்கள் பீரைக் கொடு, பிறகு உட்காருகிறோம் என்றாள். நீல நோட்டை அவன் முன்னால் ஓங்கி அறைந்தாள். இதைப் படித்துப் பார், இந்த ஊர் நாக்கு யாருடைய நாக்கு என்று தெரியும்.

வார்ட்லோ டின்களைப் பொறுக்கி நிமிர்த்தி வைத்தான். குளிர்காலத்தில் டின் அடைக்கும் வரிசை நெருக்கடியாக இருந்ததால் தொழிலாளர் பெட்டிக்கு மேற்கிலிருந்து சரக்கு வந்தது, நவம்பரில் அறிவிப்புப் பலகையில் ஒட்டியும் இருந்தது என்றான். ஒட்டியிருந்ததாம். அந்தப் பலகையில் தொலைந்துபோன கையுறை முதல் பூனைக்குட்டி தானம் வரைக்கும் ஒட்டியிருக்கும், எவன் படிக்கிறான்? பிறகு அவன் ஒப்பந்தத்தை எடுத்து, ரோஸான் காட்டிய அதே பிரிவில் அடுத்த பத்தியைப் படித்தான். சோதனைக்கு முந்தைய ஆறு மாதத்தில் குழுவின் நோட்டில் ருசி பற்றி ஒரு புகார் பதிவாகியிருந்தாலும் சோதனையை மறுபடி நடத்தலாம். ஒன்றே ஒன்று போதும்.

அவன் நோட்டைத் திறந்தான். பக்கம் பக்கமாகப் புரட்டினான். கல்யாணத் தாய்மாமன் வந்தான், வெண்ணெய் வந்தது, எத்தனையோ பேர் வந்தார்கள். கடைசி வரி அக்டோபர் பதினாலு. அதற்குப் பிறகு வெள்ளைத் தாள்.

"அறுபத்திரண்டு குடும்பம். ஆறு மாசம் வாராவாரம் இதைக் குடிச்சிருக்கீங்க. ஒருத்தர்கூடக் குறை சொல்லலையே, மிஸஸ் பாய்ச்சுக்."

அவன் குரலில் கிண்டல் இல்லை. நிஜமாகவே கேட்ட மாதிரிதான் இருந்தது. ரோஸான் நோரீனைப் பார்த்தாள், இப்போது வெடிப்பாள் என்று. லெஸ்டர் தலையைக் குனிந்துகொண்டான். வேலியருகே கையில் டின்னோடு நின்ற டெல்மரின் முகம் நோரீனுக்கு முன்னால் வந்து நின்றது. சொல்லாமல் விட்டிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் பொய்யை விழுங்கிப் பழகாத வாய் அது.

"ஒருத்தன் சொன்னான். டிசம்பர்ல. சோளம் வேகவெச்ச வாசனைன்னு சரியாத்தான் சொன்னான். என்கிட்ட சொன்னான். நான் எழுதல."

எழுதாதது பதிவாகாது என்று வார்ட்லோ மெதுவாகச் சொல்லி நோட்டை மூடி அவள் பக்கம் தள்ளினான். வெளியே வந்ததும் ரோஸான் அவளைத் திட்டியிருக்கலாம், திட்டவில்லை. ஆஸ்மோ அவள் தோளில் கை வைத்தான். அதைத் தட்டிவிட்டு அவள் படியிறங்கினாள். யார் மேலாவது கத்த வேண்டும் போலிருந்தது, ஆள்தான் அகப்படவில்லை. வார்ட்லோ மேல் கோபம் அப்படியேதான் இருந்தது. ஆனால் அதைத் தூக்கி எறியப் போனால் பாதி வழியில் அது திரும்பி அவள் மேலேயே விழுந்தது.

டெல்மர் கராஜில் தூண்டில் நரம்பைச் சுற்றிக்கொண்டிருந்தான். நோரீன் உள்ளே போய், ஒரு டிம்பர் கொடு என்றாள். அவன் முழித்தான், முப்பது வருஷத்தில் அவள் அவனிடம் பீர் கேட்டதில்லை. ஒரு பழைய கண்ணாடி டம்ளரைத் துடைத்து ஊற்றிக் கொடுத்தான். அவள் மூக்கருகே கொண்டுபோனாள், ஒரு வாய் குடித்தாள், விழுங்கினாள்.

"நீ சொன்னது சரிடா. சோளம்தான்."

டெல்மர் நாற்காலியில் உட்கார்ந்தான். அவனுக்கு சந்தோஷம் வரவில்லை, முகம் இன்னும் சுருங்கியது. தலையைச் சொறிந்தான்.

"ஐயையோ நோரி. அப்ப அவனுங்க சொன்னதும் சரிதானா?"

யார் என்றாள். அவன் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னான். ஜனவரியில் ஏரிக் குடிசையில் லெஸ்டர் ஒரு நாள் டின்னை மோந்து பார்த்து, என்னமோ மாதிரி இருக்கே என்றான். இன்னொரு நாள் ரோஸானின் புருஷன். பிறகு சரக்கு ஏற்றுகிற இரண்டு பேர், அலுவலகத்துப் பெண்ணின் அண்ணன். அவனவன் தன் பெட்டியிலிருந்து கொண்டுவந்த டின்களைத்தான் குடித்தான். லெஸ்டர், நான் நோரீனிடம் சொல்கிறேன் என்றுகூடக் கிளம்பினான்.

"நான்தான் உக்கார வெச்சேன். டேய், நோரீன்கிட்ட நான் கேட்டாச்சு, அவளே குடிச்சுப் பார்த்துட்டாளாம், ஒரு குறையும் இல்லையாம், நம்ம வாயிலதான் கோளாறுன்னு சொன்னேன். எல்லாரும் சரின்னுட்டானுங்க. அப்புறம் யாரும் அதைப் பத்திப் பேசல."

நோரீன் டம்ளரை வேலை மேசையில் வைத்தாள்.

"நான் திட்டுவேன்னு பயந்துதானே யாரும் வரல?"

"பயமா? நீ திட்டுறது இந்த ஊருக்குப் புதுசா? அதெல்லாம் இல்ல நோரி. நீ நல்லாருக்குன்னு சொன்னா நல்லாத்தான் இருக்கும்னு நம்பினோம்."

அவள் கையில் இன்னும் நீல நோட்டு இருந்தது. மேசைமேல் அதை விரித்து, அக்டோபர் பதினாலுக்குக் கீழே அன்றைய தேதியை, ஏப்ரல் தேதியைத்தான், எழுதினாள். இனி எழுதி என்ன பிரயோஜனம், விடு நோரி என்றான் டெல்மர். அவள் முதலில் அவன் பெயரை எழுதினாள், பக்கத்தில் அவன் வேலியருகே சொன்ன வார்த்தையை அப்படியே எழுதினாள். பிறகு அவனை நிமிர்ந்து பார்த்து, ஜனவரியில முதல்ல சொன்னது லெஸ்டரா, என்ன வார்த்தை சொன்னான், சரியா யோசிச்சுச் சொல்லு என்றாள்.